கரிகிரி கோர்ஸ்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினாலு வருஷம் ஆகுது. போன தடவை செக்கப் போனப்ப டாக்டரம்மா காலைப் பார்த்துட்டு, "பெரியவரே, இனிமே எம்.சி.ஆர் செருப்புதான். வீட்டுக்குள்ளயும்"னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு வந்துச்சே கோபம்! முப்பது வருஷம் டேனரியில வேலை பார்த்த மனுஷன். எங்க ஆம்பூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயத்துல திமிர் உண்டு. ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு தோல். ஐரோப்பாவுக்கே ஷூ தைச்சு அனுப்புற ஊர்ல உக்காந்துக்கினு, மருந்துக்கடையில போயி ரப்பர் செருப்பு வாங்கறதான்னு ஒரே ரகளை.

கடைசியில ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மருந்துக்கடை வேணாம், பேரணாம்பட்டு ரோட்டுப் பக்கம் ஒரு பெரியவர் தைச்சுக் குடுக்கறாராம், அவர்கிட்ட போவோம்னு.

பெட்டிக்கடை சைஸ்ல ஒரு இடம். அவர் அப்பாவை ஸ்டூல்ல உக்கார வெச்சு, "கண்ணை மூடிக்கோண்ணே"ன்னார். சட்டைப் பையில இருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து உள்ளங்கால்ல அங்கங்க லேசாத் தொட்டார். "எங்க தொடறேன்னு விரல வெச்சுக் காட்டு." அப்பா ரெண்டு மூணு இடத்தைச் சரியாக் காட்டினார். அப்புறம் பெருவிரலுக்குக் கீழ தொட்டப்ப சும்மா உக்காந்திருந்தார். குதிகால்லயும் அப்படியே. "தொடுப்பா"ன்னார் அப்பா. "தொட்டுக்கினுதாண்ணே இருக்கேன்"னார் அவர்.

எனக்கு வயித்துல என்னமோ பண்ணிச்சு. பதினாலு வருஷத்துல எத்தனையோ டெஸ்ட் எடுத்திருக்கோம். இப்படி ஒருத்தர் காலைத் தொட்டுப் பார்த்து நான் பார்த்ததே இல்ல.

அளவெடுத்து முடிச்சப்புறம் அவர் சொன்னது: "இதுல ஆணி ஒண்ணு கூட இருக்காது. தையலும் சொல்யூஷனும்தான். ஆணி போட்டா, அது ஒரு நாளு மேல வந்து குத்தும். குத்தறது உனக்குத் தெரியாது."

எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன்.

"கரிகிரி கோர்ஸ், நைனா."

நிற்க. வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

கரிகிரின்னா யானைமலை. காட்பாடியைத் தாண்டிப் போனா வரும். நான் சின்னப் பையனா இருந்தப்ப அந்தப் பேரைச் சொன்னாலே வீட்டுல குரலைத் தாழ்த்திக்குவாங்க. "அவங்க வீட்டுல ஒருத்தரு கரிகிரிக்குப் போயிக்கினு இருக்காராம்"னு பேச்சு வந்தா, அந்த வீட்டுல பொண்ணு எடுக்க யோசிப்பாங்க. பெருவியாதி, குஷ்டம், இப்போ தொழுநோய். 1955-ல தொடங்கின ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அங்கதான் இருக்கு. அமெரிக்கத் தொழுநோய் மிஷனுக்கு ரொம்ப காலம் தலைவரா இருந்த வில்லியம் ஜே ஷெஃப்லின் பேரை வெச்சிருக்காங்க. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் வெளிநாட்டு மிஷன்களும் சேர்ந்து உருவாக்கின இடம். ஆஸ்பத்திரி, ஆராய்ச்சிக்கூடம், கிராமம் கிராமமாப் போற களப்பணி, பள்ளிக்கூடம், நாலும் ஒரே வளாகத்துல.

அந்த நாலாவதைப் பத்திதான் இந்தப் பதிவு. டாக்டர் பால் பிராண்ட் கதையை நிறைய பேர் எழுதிட்டாங்க, சினிமா மாதிரி இருக்கும். ஆனா அந்த மாதிரி ஒரு நிலையத்தை தினம் ஓட்டறது யாரு? ஸ்லைடுக்குச் சாயம் போடறவர், சைக்கிள்ல கிராமத்துக்குப் போறவர், செருப்பு தைக்கிறவர். இவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா, என்ன சொல்லிக் குடுத்தா, அது இப்போ எங்க போச்சு?

இது தொழுநோய்க்கு மட்டும் உள்ள கேள்வி இல்ல. கடலோர ஆய்வு நிலையங்களுக்கும் இதே கதைதான். 1870கள்ல இத்தாலியின் நேப்பிள்ஸ்ல ஆன்டன் டோர்ன் ஒரு கடலுயிர் ஆய்வு நிலையம் ஆரம்பிச்சார். அங்க சால்வடோர் லோ பியாங்கோன்னு ஒரு பையன் 14 வயசுல வேலைக்குச் சேர்ந்தான். ஜெல்லி மீன் மாதிரி தொட்டா கரையற உயிரினங்களைச் சுருங்காம, நிறம் போகாம பாட்டில்ல பாதுகாக்கிற வித்தையைக் கத்துக்கிட்டான். அவன் பதப்படுத்தின மாதிரிகள் உலகம் பூரா மியூசியங்களுக்குப் போச்சு. பதப்படுத்தற வித்தைன்னதும் எங்க ஊர்க்காரனுக்கு ஒரு பாசம் வரத்தானே செய்யும் :-) கப்பல்ல போற கடற்படை அதிகாரிகளுக்குக்கூட அந்த நிலையத்துல மாதிரி சேகரிக்கப் பயிற்சி குடுத்தாங்க.

இதுக்கும் தொழுநோய்க்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு. நார்வேயில பெர்கன்னு ஒரு துறைமுக ஊர். 19-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவிலேயே தொழுநோய் அதிகமா இருந்த இடங்கள்ல ஒண்ணு. அங்க தொழுநோய் மருத்துவத்துக்குப் பெரிய பேர் டேனியல்சன். 1847-ல பெக் என்பவரோட சேர்ந்து அந்த நோயைப் பத்தி முதல் முறையான மருத்துவ நூலை எழுதினவர். அதே டேனியல்சன் கடலுயிரியல் ஆளும்கூட, பெர்கன் மியூசியத்துக்குத் தலைவர்! அவரோட மருமகன் ஆர்மவர் ஹான்சன்தான் 1873-ல தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சார். அந்த மியூசியத்துல வேலை பார்த்த நான்சன் (பிற்பாடு துருவப் பயணம் போனாரே, அவரேதான்) 1886-ல நேப்பிள்ஸ் போய்ப் பார்த்துட்டு வந்து, நமக்கும் இப்படி ஒரு நிலையம் வேணும்னு சொன்னார். 1892-ல பெர்கன்லயும் கடல் உயிரியல் நிலையம் வந்துச்சு. 1903 முதல் அங்க பல நாட்டு ஆய்வாளர்களுக்குக் கடலாய்வுப் பயிற்சி வகுப்புகள் நடந்துச்சு. ஒரே ஊர், ஒரே மியூசியம், ஒரே மாமனார் மருமகன். கடலா இருந்தாலும் கிராமமா இருந்தாலும் வேலை ஒண்ணுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைத் தேடணும், சரியா எடுக்கணும், கெடாம கொண்டு வரணும், எழுதி வைக்கணும். எடுக்கிற கை தப்பா இருந்தா மேல உக்காந்திருக்கிற விஞ்ஞானிக்கு ஒண்ணுமே தெரியாது.

சரி, வேலூருக்கு வருவோம்.

பிராண்ட் 1946-ல சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த வருஷம் ராபர்ட் காக்ரேன் கூப்பிட்டு செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்க மடங்கிப் போன கை ஒண்ணைப் பிடிச்சு, அழுத்துன்னு சொன்னாராம். அந்த ஆள் அழுத்தின அழுத்துல பிராண்டுக்கு வலிச்சிடுச்சு. செத்த கைன்னு ஊரே நினைச்ச கையில அவ்வளவு பலம். நரம்பு போன தசை மட்டும்தான் செயலிழக்குது, மத்த தசை நல்லாத்தான் இருக்குன்னு புரிஞ்சுது. நல்லா இருக்கிற தசையோட தசைநாரை எடுத்து, விரலை நீட்ட முடியாத இடத்துல பொருத்தினார். 1948-ல இது ஆரம்பம்.

இதுக்கு அப்புறம் நடக்கறதை யாரும் சொல்றதில்ல. நேத்து வரைக்கும் ஒரு வேலை செஞ்ச தசை, இன்னைக்கு வேற வேலை செய்யணும். மூளைக்கு அது தெரியாது. தினமும் மெழுகு ஒத்தடம் குடுத்து, விரலைப் பிடிச்சு, "இதை நினைச்சுக்கோ, இப்ப அசை"ன்னு வாரக்கணக்கா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கணும். அதுக்குன்னே பிசியோதெரபி டெக்னீஷியன்களைக் கரிகிரியில பயிற்சி குடுத்து உருவாக்கினாங்க. ஆபரேஷன் ஒரு நாள். மீதியெல்லாம் இவங்கதான்.

அடுத்தது ஸ்மியர் எடுக்கறது. காது மடலையோ தேமலோட ஓரத்தையோ ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சு ரத்தம் வராம வெளுக்க வைக்கணும். பிளேடால சின்னதாக் கீறி, உள்ள சுரண்டி வர்ற திசுநீரைக் கண்ணாடியில தடவணும். ரத்தம் கலந்தா வீண். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல எண்ணி, பூஜ்யத்துல இருந்து ஆறு வரைக்கும் மதிப்பெண் போடணும். இந்தக் கிருமி எந்த ஆய்வுக்கூடத் தட்டுலயும் வளராது, இன்னிக்கு வரைக்கும். 1960-ல ஷெப்பர்டுன்னு அமெரிக்கர் எலியோட பாதத்துல வளர்த்துக் காட்டினார். அதனால மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு தெரிய, அந்தக் கீறலும் எண்ணிக்கையும் ஒரு முக்கியமான வழி. எண்ணினவர் அலட்சியமா எண்ணினா, ஒரு நோயாளியோட பல வருஷம் வீணாப் போகும். டாப்சோன் மாத்திரை மட்டும் இருந்த காலத்துல சிலர் வாழ்நாள் பூரா சாப்பிட்டாங்க.

மூணாவது, எனக்கு நேர்ல தெரிஞ்சது. பாராமெடிக்கல் ஒர்க்கர்.

எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார், இப்போ ரிடையர்டு. பசங்க நாங்க அவருக்கு வெச்ச பேரு 'தேமல் சார்'. கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தாலும் எதிர்ல இருக்கிறவன் கையைத்தான் பார்ப்பார். அவர் சின்ன வயசுல கரிகிரியில மாசக்கணக்குல பயிற்சி எடுத்தவர். 1960கள்ல இருந்தே கரிகிரிக்காரங்க குடியாத்தம் தாலுகாவை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய்ப் பார்த்தாங்க. பேரணாம்பட்டெல்லாம் அப்போ குடியாத்தம் தாலுகாதான். கைத்தறி லுங்கி, பீடி, தீப்பெட்டி, தோல்னு உழைக்கிற ஜனம். மருந்து கொடுக்க மட்டுமில்ல, நோய் எப்படிப் பரவுது, யாருக்கு வருதுன்னு வருஷக்கணக்கா கணக்கு வெச்சாங்க. ஒரு தாலுகாவே ஆய்வு நிலையம் மாதிரி. தேமல் சார் அந்த வலையில ஒரு முடிச்சு.

அவர்கிட்ட போன வாரம் போய் உக்காந்து கேட்டேன், பயிற்சியில என்னதான் சொல்லிக் குடுத்தாங்கன்னு.

"மொதல்ல தொடறதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க தம்பி"ன்னார். "தொடறதுன்னா இன்னா, சும்மாவா? ஊரே ஒதுக்கி வெச்ச ஆளோட கையப் பிடிக்கணும். எனக்கு மொத நாளு கை நடுங்கிச்சு. சொல்லிக் குடுக்கறவரு நோயாளி கையத் தன் மடியில வெச்சுக்கினு பாடம் நடத்துறாரு. அப்புறம் நாம இன்னா பண்றது?"

அப்புறம் முழங்கையைத் தொடக் கத்துக்கணும். உள்பக்கம் எலும்புக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, இடிச்சா கரண்ட் அடிக்குமே, அங்கதான் அல்நார் நரம்பு ஓடுது. அது தடிச்சிருக்கான்னு விரல் நுனியால உருட்டிப் பார்க்கணும். சாதாரண நரம்பு எப்படின்னு விரலுக்குப் பழகினாத்தான் தடிச்சது தெரியும். அதனால பயிற்சிக்கு வந்தவங்க ஒருத்தர் முழங்கையை ஒருத்தர் தொட்டுத் தொட்டு, சாப்பிடற நேரத்துல கூட அதே வேலையா இருந்தாங்களாம்.

எங்க பெல்ட்ல இன்னொரு சிக்கல். சுண்ணாம்புத் தொட்டியில இறங்கறவன், குரோம் தண்ணியில கை விடறவன், இவங்க தோலே வேற மாதிரி இருக்கும். புண்ணு, வெடிப்பு, நிறம் மாறின திட்டு எல்லாம் சகஜம். அரிச்சா, எரிஞ்சா அவனே ஓடி வருவான். தொழுநோய்த் திட்டு அரிக்காது, எரியாது, வலிக்காது. அதனாலயே யாரும் சொல்ல மாட்டாங்க. பஞ்சை நுனியில திரிச்சு, கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்க்கணும். அன்னைக்கு அப்பா காலைப் பேனாவால தொட்டாரே செருப்புக்காரப் பெரியவர், அதே பாடம்.

செருப்புக்கு வருவோம். தொழுநோய் வந்தா விரல் அழுகி உதிரும்னுதான் ஊர் நம்பிச்சு. பிராண்டும் மத்தவங்களும் நோயாளிகள் கூடவே இருந்து கவனிச்சு, அது அழுகல் இல்ல, காயம்னு கண்டுபிடிச்சாங்க. வலி தெரியாததால சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறான், முள்ளு மேல நடக்கிறான், அதே இடத்துல மறுபடி மறுபடி மிதிக்கிறான். ராத்திரி தூங்கறப்ப எலி விரலைக் கடிக்குது, தெரியல. இதுக்காகவே நோயாளிகளுக்குப் பூனை குடுத்தாங்கன்னு பிராண்ட் எழுதியிருக்கார். உள்ளங்காலைக் காப்பாத்தணும்னா அழுத்தத்தைப் பரவலாக்கற மெத்து வேணும். ரொம்ப மெத்துன்னா அமுங்கிப் போகும், கெட்டின்னா புண்ணாகும். இந்த ரெண்டுக்கும் நடுவுல வந்ததுதான் மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதான் எம்.சி.ஆர். அதைத் தயாரிக்கக் கரிகிரியிலேயே ஒரு சின்ன ரப்பர் மில் போட்டாங்க. செருப்பு தைக்கிறவங்களுக்குத் தனி கோர்ஸும் வந்துச்சு.

இதை நான் கொஞ்சம் நின்னு சொல்லணும். எங்க பக்கம் செருப்பு தைக்கிறவரை எங்க நிக்க வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குள்ள கூப்பிட்டு, எலும்பு படத்தைக் காட்டி, பாதத்துல எந்த எலும்பு தரையை அழுத்துது, புண்ணு ஏன் அங்கயே வருதுன்னு பாடம் சொன்னாங்க. பெரியவர் சொன்னார்: "டாக்டரு எங்கிட்ட கேப்பாரு, இந்தக் காலுக்கு இன்னா பண்ணலாம்னு. எங்கிட்ட!" சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்ததை எழுத எனக்குத் தெரியல.

இந்த வித்தை இங்கயே நிக்கல. 1965-ல எத்தியோப்பியாவுல ஆப்பிரிக்காவுக்கான தொழுநோய்ப் பயிற்சி மையம் ஒண்ணு தொடங்கினாங்க, அதுக்குப் பின்னாடியும் பிராண்ட் இருந்தார். 1966-ல அவர் அமெரிக்காவின் கார்வில் போனார். வலி தெரியாத காலைப் பத்தி இங்க கத்துக்கிட்டது அங்க சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டுச்சு. அந்தப் பாதை சுத்தி வந்து எங்க அப்பா காலுக்கே வந்திருக்கு.

அப்புறம் நல்ல செய்தி வந்துச்சு. 1981-ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு மூணு மருந்தைச் சேர்த்துக் குடுக்கச் சொல்லிச்சு. வாழ்நாள் மாத்திரை போய், குறிப்பிட்ட காலத்துல முடியற சிகிச்சை. லட்சக்கணக்கான பேர் குணமானாங்க. 1998 வாக்குல ஸ்மியர் கட்டாயமில்ல, திட்டுகளை எண்ணினாப் போதும், அஞ்சு வரைக்கும் ஒரு வகை, அதுக்கு மேல இன்னொரு வகைன்னு எளிமையாக்கினாங்க. 2005 டிசம்பர்ல பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழ வந்துடுச்சு, தேசிய அளவுல பொதுச் சுகாதாரப் பிரச்னையா இல்லைன்னு அரசு அறிவிச்சது. தனிப் பிரிவா இருந்த தொழுநோய் ஊழியர்களைப் பொது சுகாதாரத்தோட இணைச்சாங்க. கரிகிரியில இன்னமும் பயிற்சிகள் நடக்குது, ஆனா தாலுகா முழுக்க முழங்கையைத் தொட்டுப் பார்க்க ஆள் இருந்த காலம் போயிடுச்சு.

கணக்குல தப்பில்ல. ஆனா 'குறைஞ்சுது'ன்னு சொன்னதை ஜனங்க 'ஒழிஞ்சுது'ன்னு கேட்டுக்கிட்டாங்க, டாக்டர்கள் உட்பட. 2023-ல உலகத்துல புதுசாக் கண்டுபிடிச்ச தொழுநோயாளிகள் சுமார் 1,82,000 பேர். அதுல ஒரு லட்சத்துக்கும் மேல இந்தியாவுல.

என் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பையன், 22 வயசு. ஷூ கம்பெனியில வேலை. போன வருஷம் மிஷின் சூட்டுல சுண்டுவிரல் பக்கம் வெந்து போச்சு. வெந்தது அவனுக்குத் தெரியல, பக்கத்துல இருந்தவன் வாசனை பிடிச்சுக் கத்தியிருக்கான். ஒரு கிளினிக்குல தோல் கெமிக்கல் அலர்ஜின்னு ஆயின்மென்ட் குடுத்தாங்க. இன்னொரு இடத்துல படர்தாமரைன்னாங்க. எட்டு மாசம். யாரும் கண்ணை மூடச் சொல்லல, பஞ்சை எடுக்கல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெல்ல மடங்க ஆரம்பிச்சுது.

ஒரு காதுகுத்து விசேஷத்துல பந்தியில எதிர்ல உக்காந்திருந்தவர் தேமல் சார். பையன் அப்பளத்தை எடுக்கற விதத்தைப் பார்த்திருக்கார். கை கழுவற இடத்துல போய், "தம்பி, கையக் குடு"ன்னு முழங்கைக்குப் பின்னால விரலை வெச்சிருக்கார். "கயிறு மாதிரி இருந்துச்சுப்பா"ன்னார் எங்கிட்ட. மறுநாளே அவரே பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனார்.

மருந்து ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. கிருமி போயிடும், விரல்தான் பாக்கி. ஆபரேஷன் தேவைப்படுமான்னு பிறகு பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு சார் வீட்டுத் திண்ணையில வந்து உக்கார்றான். சார் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி அந்த ரெண்டு விரலையும் நீட்டி நீட்டி விடறார். பையனோட அம்மா யாருக்கும் சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டதால ஊர், தெரு, அடையாளம் எல்லாத்தையும் மாத்தி எழுதியிருக்கேன்.

அப்பாவோட செருப்பு நேத்து வந்துச்சு. கறுப்பு ரப்பர் மேல பழுப்புத் தோல் வார், சுத்தமான கைத்தையல். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, கட்டைவிரலால வாரை அழுத்தி, "தோல் நல்ல தோலுதான்"னார்.